கோடு போட்ட செக்கும் பூட்டு போட்ட மெயிலும்

பி.காம். படிக்கிறவனுக்கு மெயில் சர்வர் பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். பெரியகுளத்தில் எங்கள் வீட்டிலிருந்து போடிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கே ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் மாமா, பில்லை மெயிலில் அனுப்ப ஒரு சின்ன பி.எச்.பி. ப்ரோகிராம் வைத்திருக்கிறார், யாரோ எழுதிக் கொடுத்தது. அதில் மெயில் அனுப்புவது பி.எச்.பி.மெயிலர் என்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. வேர்ட்பிரஸ்ஸில் இருப்பதும் அதுதான்.

லீவில் அந்தக் கோடைப் பார்த்தேன். 'வெரிஃபை பியர்' என்ற இடத்தில் 'ஃபால்ஸ்' என்று இருந்தது. "மெயில் போகுதுல்ல மாப்ள, அப்புறமென்ன?" என்றார் மாமா.

1982-ல் வந்த எஸ்.எம்.டி.பி.க்குப் பூட்டே கிடையாது, போஸ்ட் கார்டு மாதிரி. 1999-ல் ஸ்டார்ட் டி.எல்.எஸ். வந்தது. பேச்சைத் திறந்தபடியே ஆரம்பித்து, நடுவில் "பூட்டிக்கலாமா?" என்று கேட்கும் முறை. இடையில் இருப்பவன் அந்த ஒரு வரியை அழித்துவிட்டால்? 'கிடைத்தால் பூட்டு, இல்லாவிட்டால் பரவாயில்லை' என்று அமைத்த மென்பொருள் சத்தமில்லாமல் திறந்தபடியே அனுப்பிவிடும். முதல் வார்த்தையிலிருந்தே பூட்டிப் பேசும் 465-ம் போர்ட்டை 2018-ல் ஆர்.எஃப்.சி. 8314 மறுபடி கொண்டுவந்தது இதனால்தான்.

ஆனால் பூட்டு மட்டும் போதாது. செக்கில் இரண்டு கோடு போட்டால் பணம் வங்கிக் கணக்கு வழியாகத்தான் போகும். யார் கணக்கு என்பதை உறுதி செய்ய 'அக்கவுண்ட் பேயீ' என்று எழுத வேண்டும். (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வகுப்பில் தூங்கியவர்கள் கவனிக்க :-)) என்கிரிப்ஷன் என்பது கோடு, சான்றிதழில் பெயரைச் சரிபார்ப்பது 'அக்கவுண்ட் பேயீ'. அந்த 'ஃபால்ஸ்' இருந்தால், எதிரில் போலி சர்வர் நின்றாலும் பத்திரமாகப் பூட்டி அவன் கையிலேயே கொடுத்துவிடும், பாஸ்வேர்டையும் சேர்த்து. பில்லில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பினால் ஒரு மூட்டை ஏலக்காய்ப் பணம் வேறு எங்கோ போகும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது? 2014-ல் பி.எச்.பி. 5.6 சான்றிதழைத் தானாகவே சரிபார்க்க ஆரம்பித்தது. நேற்றுவரை ஓடியவை எர்ரர் காட்டின. 'சரிபார்ப்பை நிறுத்து' என்ற கை வைத்தியத்தை எல்லோரும் காப்பியடித்தார்கள்.

அந்த வரிகளை அழித்தேன். உடனே எர்ரர். சர்வர் பெயராகக் கடையின் சொந்த டொமைன் இருந்தது. சான்றிதழிலோ ஹோஸ்டிங் கம்பெனியின் பெயர். அந்தப் பெயரையே கொடுத்ததும் மெயில் போய்விட்டது. மாமாவின் பாஸ்வேர்டையும் மாற்றியாயிற்று.

பைத்தானில் ப்ராஜெக்ட் செய்யும் நண்பர்களே, எஸ்.எம்.டி.பி.லிப்பில் ஸ்டார்ட் டி.எல்.எஸ்.ஸைச் சும்மா அழைத்தால் அதுவும் சான்றிதழைப் பார்க்காது. எஸ்.எஸ்.எல். மாட்யூலின் டீஃபால்ட் கான்டெக்ஸ்டை உருவாக்கிக் கூடவே கொடுங்கள்.