சிவில் இன்ஜினியர்கள் சங்கம் என்னதான் செய்கிறது?

இன்ஜினியரிங் கல்லூரிகளின் நோட்டீஸ் போர்டில் அடிக்கடி ஒரு தாள் தொங்கும். 'சனிக்கிழமை மாலை 6 மணிக்குத் தொழில்நுட்பக் கூட்டம். தலைப்பு: கான்கிரீட்டின் ஆயுள். அனைவரும் வருக. கூட்டத்திற்குப் பின் இரவு உணவு.' மாணவர்களில் பாதிப் பேர் கடைசி வரியை மட்டும் படிப்பார்கள். மீதிப் பேர் அதைக்கூடப் படிப்பதில்லை. :-)

தமிழ்நாட்டில் கொஞ்சம் பெரிய ஊர் எதை எடுத்துக்கொண்டாலும் அங்கே சிவில் இன்ஜினியர்களுக்கு ஒரு சங்கம் இருக்கும். மாதம் ஒரு கூட்டம், வருடம் ஒரு கண்காட்சி, செப்டம்பர் 15 விஸ்வேஸ்வரய்யா பிறந்த நாளில் பொறியாளர் தினம், பொன்னாடை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இதுதான் சங்கம். 'நாலு பேர் கூடிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்' என்று சிரிப்பவர்களும் உண்டு. அது உண்மையா? கொஞ்சம் பார்ப்போம்.

தொடக்கமே ஒரு காபிக் கடையில்தான்

இந்த மாதிரிச் சங்கங்களுக்கெல்லாம் முன்னோடி லண்டனில் இருக்கிறது. 1818 ஜனவரி 2-ஆம் தேதி, ஃப்ளீட் தெருவில் இருந்த கெண்டல் காபிக் கடையில் சில இளம் பொறியாளர்கள் கூடித் தொடங்கியது. அந்தக் காலத்தில் அங்கே இந்தத் தொழிலைப் படிக்கக் கல்லூரி கிடையாது. பெரிய பொறியாளர் ஒருவரிடம் சேர்ந்து, அவர் செய்வதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அவருக்குத் தெரியாதது சீடனுக்கும் தெரியாது. அப்படியானால் ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன? இவ்வளவுதான் அவர்கள் யோசனை.

முதல் இரண்டு வருடம் சங்கம் பெரிதாக வளரவில்லை. 1820-ல் தாமஸ் டெல்ஃபோர்டு தலைவராக வந்தபிறகுதான் சூடு பிடித்தது. 1828-ல் அரச சாசனமும் கிடைத்தது. இந்த டெல்ஃபோர்டு கல் கொத்தும் வேலையில் வாழ்க்கையைத் தொடங்கியவர். சாலை, கால்வாய், பாலம் என்று பிரிட்டன் முழுக்க அவர் பெயர் நிற்கிறது. அந்த சிவில் இன்ஜினியர்கள் சங்கத்துக்கு முதல் தலைவர் ஒரு கொத்தனார்! இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தியாவில் எல்லாப் பிரிவுப் பொறியாளர்களுக்குமான 'இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ்' 1920-ல் பதிவானது. தலைமையகம் கொல்கத்தாவில் இருந்தாலும், பதிவு நடந்தது சென்னையில். கான்கிரீட்டுக்கு என்றே தனியாக 'இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட்' 1982-ல் தொடங்கியது. சென்னையில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம்தான் அதற்கு முன்னின்றது. இன்று பல நகரங்களில் அதற்குக் கிளைகளும், கல்லூரிகளில் மாணவர் கிளைகளும் உள்ளன. இவை போக, அந்தந்த ஊர்ப் பொறியாளர்களே சேர்ந்து நடத்தும் சின்னச் சின்னச் சங்கங்கள்.

ஒரு கொக்கியின் கதை

சரி, இந்தக் கூட்டங்களால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஒரே ஒரு உதாரணம் போதும்.

2001 ஜனவரி 26. குஜராத்தில் பூஜ் நிலநடுக்கம். 13,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஆமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தைக் கார் நிறுத்துவதற்காகச் சுவர் இல்லாமல் விட்டு, வெறும் தூண்களின் மேல் நின்றவை. அதே வருடம் செப்டம்பர் 25-ஆம் தேதி புதுச்சேரிக்கு அருகே கடலில் ஒரு நடுக்கம். சென்னையில் ஜனங்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். 2002-ல் நிலநடுக்க விதிநூலான ஐ.எஸ். 1893 திருத்தப்பட்டபோது, இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது.

டெல்லியில் ஒரு புத்தகத்தில் ஒரு எண் மாறிவிட்டது. ஆனால் கட்டடம் புத்தகத்தால் கட்டப்படுவதில்லையே! கம்பியை வளைப்பவர் கையில் அல்லவா அது மாற வேண்டும்?

ஒரு தூணை எடுத்துக்கொள்ளுங்கள். நெட்டுக்குத்தாக நிற்கும் கம்பிகளைச் சுற்றி, வரிசையாகக் கம்பி வளையம் கட்டுவார்கள். சைட்டில் இதை 'ரிங்' என்பார்கள். இந்த ரிங்கின் இரண்டு முனைகளையும் எப்படி மடக்குவது? வழக்கம், 90 டிகிரியில் ஒரு மடக்கு. சுலபம், வேகம். நிலநடுக்க விதி சொல்வது 135 டிகிரி. அதாவது, முனை தூணின் உட்புறத்தைப் பார்த்துத் திரும்பி, கான்கிரீட்டுக்குள் ஆழமாகப் புதைந்திருக்க வேண்டும்.

என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? பூமி ஆடும்போது தூணின் வெளித்தோல் முதலில் உதிரும். 90 டிகிரி முனை அந்தத் தோலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோல் போனால் முனை விரியும், ரிங் திறக்கும், நெட்டுக்கம்பி வெளியே பிதுங்கி வளையும், தூண் உட்காரும். 135 டிகிரி முனையோ உள்ளே இறுகிக் கிடக்கும், ரிங் திறக்காது. இதற்கு ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம் கம்பி, ரிங்குக்குச் சில விநாடி. கிடைப்பது, உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓடிவர நேரம்.

புத்தகத்தில் இருக்கும் இந்த விஷயம், ஆங்கிலம் படிக்கத் தெரியாத கம்பி வேலைக்காரருக்கு எப்படிப் போய்ச் சேரும்? நடுவில் இருப்பது உள்ளூர் இன்ஜினியர். அவர் கல்லூரி முடித்து இருபது வருடம் ஆகியிருக்கும். படித்த விதிநூல் அதற்குள் இரண்டு முறை மாறியிருக்கும். பெரிய கம்பெனியில் இருப்பவருக்குப் பயிற்சி கொடுக்க ஆள் உண்டு. தனியாக பிளான் போட்டு, மாதம் இரண்டு வீடு கட்டுபவருக்கு யார் இருக்கிறார்கள்? அந்த மாலை ஆறு மணிக் கூட்டம்தான். ஐ.ஐ.டி.யிலிருந்தோ, அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்தோ ஒருவர் வந்து, உடைந்த தூணின் படத்தைத் திரையில் போட்டு, 'இதோ, இந்த மடக்கைப் பாருங்கள்' என்று காட்டினால், மறுநாள் காலையில் அது சைட்டுக்குப் போய்விடும். காபிக் கடையில் கூடிய இளைஞர்கள் நினைத்ததும் இதைத்தானே!

யார் வருவதில்லை?

பாராட்டை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். சங்கங்களில் குறை இல்லாமல் இல்லை.

முதல் குறை, கூட்டத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது. பெரும்பாலும் ஒரு சிமென்ட் கம்பெனி, அல்லது கம்பி, பெயின்ட், ரசாயனக் கலவை விற்பவர்கள். ஹால் வாடகையும் சாப்பாடும் அவர்கள் செலவு. பதிலுக்கு அவர்களுடைய ஆள் அரை மணி நேரம் பேசுவார். பேச்சின் முதல் பாதி பாடம், இரண்டாம் பாதி விளம்பரம். கேட்பவர் இரண்டையும் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். அனுபவம் உள்ளவரால் முடியும், புதியவரால்?

இரண்டாவது குறை பெரியது. வர வேண்டியவர்கள் வருவதில்லை. மேஸ்திரி, கம்பி வேலைக்காரர், சென்ட்ரிங் அடிப்பவர், கலவை போடும் சித்தாள், வீடு கட்டும் சொந்தக்காரர். இவர்கள் யாரும் அந்த ஹாலில் இல்லை.

கலவையையே பாருங்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போட்டால் தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.5. கலவை கெட்டியாக இருக்கிறது, தள்ள முடியவில்லை என்று சைட்டில் ஒரு 10 லிட்டர் பக்கெட்டைச் சேர்த்து ஊற்றினால் அது 0.7 ஆகிவிடும். வலிமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையக்கூடும். ஊற்றுபவர் கெட்ட எண்ணத்தில் ஊற்றுவதில்லை. வெயில், அவசரம், முதுகு வலி. ஏன் ஊற்றக் கூடாது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

தண்ணீர் விட்டுக் காய்ச்சலில் இருந்து காப்பதும் இப்படித்தான். ஐ.எஸ். 456 குறைந்தது 7 நாள் என்கிறது. வெயிலும் வறட்சியுமான ஊர்களுக்கு 10 நாள். வீட்டுக்காரரோ மூன்றாம் நாள் மோட்டாரை நிறுத்திவிடுவார். கரண்ட் பில் ஏறுகிறதாம்!

சில சங்கங்கள் கொத்தனார்களுக்கு என்றே பயிற்சி நடத்துகின்றன. தமிழில், சைட்டிலேயே, உண்மையான கம்பியையும் கலவையையும் வைத்து. ஏ.சி. ஹாலில் நடக்கும் பத்துக் கருத்தரங்குகளைவிட இப்படி ஒரு நாள் பயிற்சி மேல். முதல் தலைவரே கொத்தனாராக இருந்த பரம்பரையில் வந்த சங்கங்கள், கொத்தனாருக்கு நாற்காலி போடத் தயங்கலாமா?

மவுலிவாக்கம்

2014 ஜூன் 28-ஆம் தேதி மாலை, சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் அப்படியே சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பலர் ஆந்திராவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அதை டிவியில் ஊரே வேடிக்கை பார்த்தது. முதல் கட்டடத்தில் இறந்தவர்களின் பெயர்கள் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

இப்படி ஒன்று நடக்கும்போது 'சங்கம் என்ன செய்தது?' என்ற கேள்வி எழும். நேர்மையான பதில்: சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. வழக்கறிஞர்களுக்கு 1961-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. தவறு செய்தால் பார் கவுன்சில் கோட்டைக் கழற்றிவிடலாம். டாக்டர்களுக்கும் அப்படி ஒரு ஆணையம் உண்டு. ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு 1972-ஆம் வருடச் சட்டம். பொறியாளர்களுக்கும் அப்படி ஒரு மத்தியச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல வருடங்களாக நடக்கிறது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர் என்று தனித்தனியாகப் பதிவு செய்யச் சொல்கின்றன. அது நல்ல அடிதான். ஆனால் பதிவு என்பது வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. உள்ளே போனவர் வருடா வருடம் படிக்கிறாரா என்று அது பார்க்காது.

அதிகாரம் இல்லை என்பதற்காகச் சங்கம் சும்மா இருக்க வேண்டுமா? டாக்டர்கள் ஒரு நோயாளி இறந்தால் உட்கார்ந்து பேசுவார்கள். எங்கே தவறியது என்று தேடுவார்கள். நம் ஊர்க் கூட்டங்களில் கட்டி முடித்த கட்டடத்தின் பெருமையைப் பேசத்தான் ஆள் இருக்கிறது. சன்ஷேடு விழுந்தது, சென்ட்ரிங் சரிந்தது, இரண்டு வருடத்தில் கம்பி துருப்பிடித்து ஸ்லாப் உதிர்ந்தது. இதையெல்லாம் பெயர் சொல்லாமல், யாரையும் குற்றவாளி ஆக்காமல், காரணத்தை மட்டும் பேசும் ஒரு கூட்டம் வருடத்தில் இரண்டு வைத்தால் போதும். அதற்குச் சட்டமும் வேண்டாம், ஸ்பான்சரும் வேண்டாம். கொஞ்சம் தைரியம் வேண்டும்.

மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மாணவர் உறுப்பினர் சந்தா பெரிய தொகை இல்லை. கூட்டத்தின் கடைசியில் 'கேள்விகள் உண்டா?' என்று கேட்கும்போது, தொழிலில் இருப்பவர் பக்கத்து நாற்காலிக்காரரை நினைத்துத் தயங்கலாம். மாணவருக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. 'சார், இது எங்கேயாவது இடிந்திருக்கிறதா? ஏன்?' என்று ஒரு பையனோ பெண்ணோ எழுந்து கேட்டால், அன்றைய கூட்டம் விளம்பரத்தில் இருந்து பாடத்துக்குத் திரும்பிவிடும்.