காணாமற்போன நினைவகம்

‘ஹிப்ழு’ என்னும் அறபுச் சொல்லுக்கு மனத்தில் பதித்தல் என்றும் பொருளுண்டு. பாதுகாத்தல் என்றும் பொருளுண்டு. அறபு மொழியில் இயங்கும் கணினிகளில், எழுதியதைச் சேமிக்கும் கட்டளைக்கு இச்சொல்லையே இட்டிருக்கிறார்கள். தமிழோ நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு எனப் பிரித்துச் சொல்லுகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை நாம் ஏட்டில் கற்றோமில்லை. நம் வீட்டு மாடியறையில் இருக்கும் ஒரு பெட்டியிடம் கற்றோம். அப்படிக் கற்பதற்குள் ஒரு நல்ல மனிதரின் உள்ளத்தை நோகச் செய்துவிட்டோம்.

நம் வாப்பா மர்ஹூம் அவர்கள் விட்டுச்சென்ற சொத்தில் பெரும்பகுதி காகிதமே. அறபுத்தமிழில் அவர்கள் கைப்பட எழுதிய பாடக் குறிப்புகள், கொழும்பிலிருந்து உம்மாவுக்கு எழுதிய கடிதங்கள், ஓரம் பொடியத் தொடங்கிய பழங்கிதாபுகள் ஆகியவை அவை. உப்புக் காற்றும் கறையானும் இவற்றைத் தின்று தீர்ப்பதற்குள் ஒவ்வோர் ஏடாகப் படமெடுத்துக் காக்க விரும்பினோம். சகோதரியின் மகன், பழைய கணினி ஒன்றை வீட்டுச் சர்வராக மாற்றித் தந்தார். அதில் 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அப்படியே பதியும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். 8 ஜிபி ரேம் அட்டைகள் இரண்டைக் கடைத்தெருவிலே நாமே வாங்கிக் கொடுத்தோம்.

ஹார்டு டிஸ்க் என்பது அலமாரி. ரேம் என்னும் நினைவகமோ நம் முன்னுள்ள மேசை. பாடம் நடத்தும்போது வேண்டிய கிதாபுகளை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பிக்கொள்கிறோம். மேசை பெரிதாயின் அடிக்கடி எழுந்து நடக்க வேண்டியதில்லை. மின்சாரம் நின்றால் மேசை வெறுமையாகிவிடும். அலமாரியில் உள்ளது அலமாரியிலேயே இருக்கும். இத்துணை எளிய செய்தியை அன்று நாம் அறிந்திருக்கவில்லை.

ரமலான் முடிந்த சில நாட்களில் பெட்டி தளர்ந்து நடக்கலாயிற்று. ஓர் ஏட்டின் படத்தைத் திறக்கவே நெடுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. திரையில் பார்த்தால், 16 என்று இருக்க வேண்டிய நினைவகம் 7.7 என்றே நின்றது. பாதி எங்கே போயிற்று? வாப்பாவின் எழுத்தில் பாதி போய்விட்டது போலவே நம் நெஞ்சு பதைத்தது. பதைத்த நெஞ்சு நீதி பார்ப்பதில்லை. உடனே கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தோம். “பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டீரே! ஓர் உஸ்தாதை ஏமாற்றவும் மனம் வந்ததா?” என்று கேட்டுவிட்டோம். அவர் நம் மகன் வயதினர். “பெட்டியைக் கொண்டு வாருங்கள் ஹஜ்ரத், பார்த்துத் தருகிறேன்” என்றுதான் சொன்னார். அதையும் செவிமடுக்காது தொலைபேசியை வைத்துவிட்டோம்.

விடுமுறைக்கு ஊர் வந்த மருமகனிடம் இதைச் சொன்னதும் அவர் கேட்ட முதற்கேள்வி: “மாமா, சோதித்துப் பார்த்துவிட்டா அவரைப் பேசினீர்கள்?”

நம்மிடம் விடையில்லை.

அவர் அமைதியாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். குறைந்து தெரிவதெல்லாம் குறையன்றாம். 4 டெராபைட் என்று விற்கும் டிஸ்க் கணினியில் 3.64 எனத் தெரிவது, ஒருவர் ஆயிரத்தால் எண்ண, மற்றவர் 1024ஆல் எண்ணுவதால். திரைக்குப் படம் காட்டும் பகுதி தனக்கெனச் சிறிது ரேமைக் கடன் வாங்கிக்கொள்வதும் உண்டு. ஆனால் அது பொதுவாகச் சிறு பங்கே, இவ்வாறு சரிபாதியாகாது. நம் பெட்டியில் இசட்.எஃப்.எஸ். என்னும் முறையில் கோப்புகள் அடுக்கப்படுகின்றன. அம்முறை, சும்மா கிடக்கும் ரேமையெல்லாம் அடிக்கடி படிக்கும் கோப்புகளுக்காக எடுத்துக்கொள்ளும். அப்போது ‘மிச்சம்’ என்ற எண் சுருங்குமேயன்றி ‘மொத்தம்’ சுருங்காது. நமக்கோ மொத்தமே சுருங்கியிருந்தது.

“அப்படியானால் பயாஸைக் கேட்போம்” என்றார். கணினி விழித்தெழும்போதே டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் வரும் முதல் திரை அது. அங்கே 16 இருந்து உள்ளே குறைந்தால் குற்றம் மென்பொருளின் பக்கம். பழைய 32 பிட் முறைகள் ஏறத்தாழ 4 ஜிபிக்கு மேல் காணமாட்டா என்பது இவ்வகை. அங்கேயே குறைந்தால் குற்றம் பெட்டிக்குள். பயாஸும் 8 என்றே சொல்லிற்று.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் நீங்க இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு, மூடியைத் திறந்தார். பார்த்த மாத்திரத்தில் நாம் தலைகுனிந்தோம். இரண்டாவது அட்டை ஸ்லாட்டில் ஒருபுறம் இறங்கி மறுபுறம் தூக்கி நின்றது. அதன் ஓரத்துக் கொக்கி மூடவேயில்லை. ரமலானுக்கு முன் வீடு முழுவதும் ஒட்டடை அடித்தபோது, இப்பெட்டியையும் திறந்து, அட்டைகளைக் கழற்றித் தூசி தட்டித் திரும்பச் செருகியது யார்? நாமேதான்! பெட்டியின் நினைவைத் தேடிய நாம், நம் நினைவைத் தேடினோமில்லை.

அட்டையை இருபுறமும் ஒருசேர அழுத்தினார். ‘டக்’ என்ற ஒலியோடு கொக்கிகள் மூடிக்கொண்டன. ஆயினும் அவர் அத்துடன் விடவில்லை. ஒவ்வோர் அட்டையையும் தனியே ஒரே ஸ்லாட்டில் இட்டுப் பார்த்தார். பின்பு அடுத்த ஸ்லாட்டில் பார்த்தார். பழுது அட்டையோடு சென்றால் அட்டையின் குற்றம். இடத்தோடு நின்றால் மதர்போர்டின் குற்றம். இரண்டும் தேறின. அன்றிரவு இஷாவுக்குப் பின் மெம்டெஸ்ட் என்னும் இலவசச் சோதனையை ஓடவிட்டோம். அது நினைவகத்தின் ஒவ்வோரிடத்திலும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்புநோக்கும். பஜ்ருக்கு எழுந்து பார்த்தபோது பிழை ஒன்றுமில்லை. பின்னர் இசட்.எஃப்.எஸ். முறையிலுள்ள ‘ஸ்க்ரப்’ சோதனையால் கோப்புகள் அனைத்தையும் சரிபார்த்தோம். வாப்பாவின் எழுத்தில் ஒரு புள்ளியும் குறையவில்லை. மேசை சுருங்கியிருந்ததேயன்றி, அலமாரிக்கு எதுவும் நேரவில்லை.

ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோடும் ‘ஜர்ஹு தஃதீல்’ என்னும் கலையை மத்ரஸாவில் ஆண்டுதோறும் நாம் போதிக்கிறோம். ஒருவரைக் குறை கூறினால் அக்குறைக்குக் காரணம் விளக்கப்பட வேண்டும். காரணமின்றிக் கூறும் குறையை ஏற்பதற்கில்லை என்பது அக்கலை வல்லார் பலரின் முடிவு. ஓர் அறிவிப்பாளர் வயோதிகத்தால் நினைவு தடுமாறியவரா, எந்த ஆண்டு முதல் தடுமாறினார் என்றெல்லாம் அவர்கள் ஆராய்ந்தார்கள். முன்னோரின் அந்த நிதானத்தை மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்த நாவுதான், ஒரு வணிகரைச் சோதனையேதுமின்றி மோசக்காரர் என்றது.

மறுநாள் அஸருக்குப் பின் கடைக்குச் சென்றோம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் தவறு செய்த பின்பு மன்னிப்புக்காவது நடந்து செல்ல வேண்டுமன்றோ? நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் எழுந்து நின்று, நாற்காலியை நகர்த்தி நம்மை அமர்த்தினார். “என்னிடம் நினைவகம் குறைகிறதென்று வருகிறவர்களில் பலருக்கு அட்டை சரியாக உட்காராததுதான் காரணம் ஹஜ்ரத். அதனால்தான் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன்” என்றார். தேநீர் வரவழைத்தார். நம் வார்த்தை தைத்த இடத்தை அவர் காட்டவில்லை. காட்டாமையினாலேயே நமக்கு நன்றாகத் தெரிந்தது.

இப்பொழுது பெட்டியின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். எந்த நாளில் திறந்தோம், எதைக் கழற்றினோம், எதைத் திரும்ப மாட்டினோம் என்பதை அதில் குறித்து வருகிறோம். மருமகன் இதைப் பெட்டிக்கான குறிப்பு என்று எண்ணியிருக்கிறார். உண்மையில் அது நமக்கான குறிப்பு.