மலைவாயிலுக்கு ஒரு செலவு

'செலவு' என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. பொருளைக் கொடுத்தலும் செலவு. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லுதலும் செலவு. பழந்தமிழ் நூல்களில் பின்னைய பொருளே பெரிதும் காணப்படும். இக்காலத்திலோ பயணம் என்றவுடன் பணமே முதலில் நினைவுக்கு வருகின்றது. கையில் பணம் போதாது என்று கருதி ஊரை விட்டு வெளியே செல்லாமலே இருந்துவிடுவோர் பலர். திட்டமிடத் தெரிந்தவர்க்குச் சிறுதொகையும் நெடுவழி காட்டும். இதனை நான் எங்கள் ஊரார் சிலரோடு மேற்கொண்ட ஒரு பயணத்தால் அறிந்தேன்.

எங்கள் ஊர் கொற்கை. முன்னாளில் பாண்டியரின் துறைமுகமாகவும், முத்துக்குளிப்பால் புகழ்பெற்ற பட்டினமாகவும் விளங்கிய ஊர் அது. ஆறு கொணர்ந்த வண்டல் படியப் படியக் கடல் விலகிச் சென்றது. இன்று கொற்கை வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூர். பொருநை எனப் பழம்பெயர் கொண்ட தாமிரபரணி, பொதிகையில் தோன்றி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கின்றது. ஆற்றின் கடைப்பகுதியில் வாழும் நாங்கள், அது மலையை விட்டு இறங்கும் இடத்தைக் காண விரும்பினோம்.

பெருமலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயில் உண்டு. இமயத்திற்குச் செல்வோர்க்கு அரித்துவாரம் ஒரு வாயில்; துவாரம் என்பதே வாயிலைக் குறிக்கும் சொல். நீலகிரிக்கு மேட்டுப்பாளையம் வாயில். அவ்வாறே பொதிகைக்கு அம்பாசமுத்திரம் வாயிலாக அமைந்துள்ளது. அதனை அடுத்த பாபநாசத்தில்தான் ஆறு மலையினின்றும் இறங்கிச் சமவெளியில் அடிவைக்கின்றது.

நாங்கள் எழுவர் கூடிப் பேசினோம். கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், "ஒரு வேனை வாடகைக்குப் பிடித்தால் மதியத்திற்குள் பார்த்துத் திரும்பிவிடலாமே!" என்றார். எங்களுள் மூத்தவர் ஓர் ஆச்சி. வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். வேன் என்றதும் அவர் எழுந்து புறப்பட்டார். "ஆச்சி, உங்கள் பங்கை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்" என்றேன். அவரோ, "எழுபது ஆண்டாக இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். அது வரும் இடத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால், என் காசில் முடிந்தால் வருவேன், பிறர் காசில் வரமாட்டேன்" என்றார்.

அச்சொல்லே எங்கள் திட்டத்திற்கு அடிப்படையாயிற்று. யாருடைய பை மிகச் சிறியதோ, அந்தப் பையையே அளவுகோலாகக் கொள்வோம் என்று முடிவு செய்தோம். ஆச்சி தயங்காமல் தரக்கூடிய தொகை 250 ரூபாய். அதுவே எல்லோர்க்கும் உரிய பங்காயிற்று. அண்ணாச்சியும் அதற்கு மனம் இசைந்தார்.

முதலில் நாளைக் குறித்தோம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவமழை பெருகும். 2023 ஆம் ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இருப்புப்பாதை அரிக்கப்பட்டதனால், திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட இரயில்வண்டி ஒன்று ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுவிட்டது. எனவே, மழை ஓய்ந்த தை மாதமே தக்கது எனக் கண்டோம். தை அமாவாசையன்று பாபநாசத்தில் கூட்டம் பெருகுமாதலால் அந்நாளை விலக்கினோம். பிசான அறுவடை தொடங்கிவிட்டால் வேலைக்குச் செல்வோர்க்கு ஒருநாள் கூலி போய்விடும். இழக்கும் கூலியும் செலவே அன்றோ? ஆகவே, அறுவடைக்கு முன்னரே ஒரு நாளைத் தெரிந்துகொண்டோம்.

அடுத்து வழியை வகுத்தோம். ஸ்ரீவைகுண்டம் வரையில் பேருந்து. அங்கிருந்து திருநெல்வேலிக்கும், பின் அம்பாசமுத்திரத்திற்கும் முன்பதிவு வேண்டாத பயணியர் இரயில். இறுதியில் பாபநாசத்திற்குப் பேருந்து. நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. இதனால் ஆச்சிக்கும் உடன்வந்த பெண்டிர்க்கும் செலவு குறைந்தது. அவ்வாறு மிஞ்சியதை எதிர்பாராத தேவைக்குக் கைகாவலாக வைத்தோம். உணவிற்குப் புளிச்சோறும் துவையலும் வாழையிலையில் கட்டிக்கொண்டோம். பழம் எங்கள் ஊர் வாழைப்பழமே.

வழியெல்லாம் காட்சிகள் காசின்றிக் கிடைத்தன. ஸ்ரீவைகுண்டத்தில் தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டைக் கண்டோம். அதற்கு அப்பால், முதுமக்கள் தாழிகளால் உலகறிந்த ஆதிச்சநல்லூர். திருநெல்வேலியைக் கடந்ததும் சேரன்மாதேவியும், நாகசுர மேதை அருணாசலத்தின் காருகுறிச்சியும், அப்பளத்திற்குப் பெயர்பெற்ற கல்லிடைக்குறிச்சியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்திற்கும் இடையே வண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறியபோது, மேற்கே மலைத்தொடர் நீலச்சுவர்போல நின்றது.

பாபநாசத்தில் படித்துறையில் இறங்கி நீரில் நின்றோம். மலைமேல் உள்ள காடு, 1988 இல் அமைக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே செல்ல வனத்துறையின் இசைவு வேண்டும். 1,868 மீட்டர் உயரமுள்ள பொதிகை முடியைக் கீழிருந்தே எண்ணி வணங்கினோம். உண்ட இலைகளை நாங்கள் கரையில் எறியாமல் பையில் எடுத்துக்கொண்டோம். படித்துறையில் சிலர் பழைய துணிகளை ஆற்றில் விட்டுச் செல்வதைக் கண்ட ஆச்சி, "இங்கே விடுவதெல்லாம் கீழே நம் குடத்திற்கல்லவா வரும்!" என்றார். நூல் பல கற்றவரும் அதனினும் நன்றாகச் சொல்ல இயலாது.

மாலையில் ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தோம். மீந்த தொகையைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தோம். ஆச்சி தம் பங்கை இருமுறை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். அவர் யார்க்கும் கடன்படவில்லை.

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. தனக்கு மிச்சம் பிடிப்பதற்காகப் பிறரை விலக்குவது கருமித்தனம். எல்லோரையும் உடன் அழைத்துச் செல்வதற்காக அளவறிந்து செலவிடுவது சிக்கனம். மாணவர்களே! நீங்களும் நண்பர்களோடு எங்கேனும் செல்லத் திட்டமிடுங்கால், இருப்பவனின் பையைப் பாராதீர்கள். இல்லாதவனின் பையைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.