சக்கரம் வைத்த பழைய வீடு

பழைய கார் வாங்க ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனால் போதும். பழைய கேரவன் வாங்குவதென்றால் மெக்கானிக்கோடு தச்சர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆர்.டி.ஓ. அலுவலக நடைமுறை தெரிந்த ஒருவர் என்று ஒரு சிறு ஊர்வலமே தேவைப்படுகிறது. கேரவன் என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் குளிர்சாதன வண்டி. நான் சொல்வது அதுவல்ல. டெம்போ டிராவலர் போன்ற வேனில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் வைத்துக் குடும்பம் ஊர் சுற்றுவதற்காக உருவாக்கிய வண்டி. கோவிட் காலத்தில் ஓட்டல் அறைக்குப் பயந்த பலர் இதன் பக்கம் திரும்பினார்கள். 2021இல் கேரளமும் மகாராஷ்டிரமும் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்தன. அந்த உற்சாகத்தில் கட்டிய வண்டிகள் சில இப்போது கைமாற வருகின்றன.

எங்களுக்கு இதில் ஆசையைவிட அவசியம் அதிகம். புனேயில் எங்களுடன் இருக்கும் அம்மாவுக்கு 82 வயது. சொந்த ஊர் கும்பகோணம். சாலை வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். சில ஆண்டுகளுக்கு முன் ரயில் கழிப்பறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு ரயில் என்ற பேச்சே கிடையாது. விமானத்தில் திருச்சிவரை போய்விடலாம். பிறகு ஊர் ஊராகக் காரில் போகும்போது அதே கவலை வந்துவிடும். பயணத்துக்கு முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். "நாலு கோயில் பாத்தா போதும்டா, பாத்ரூம் தேடி அலைய வேண்டாம்" என்பதுதான் அவள் கேட்பது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பத்து லட்சத்தை, திரும்பி வராது என்று தெரிந்தே, இதில் போடலாமா என்று நானும் என் மனைவியும் பல மாதங்கள் பேசினோம். புதிய வண்டி அந்தத் தொகைக்குக் கிடைக்காது. ஆக, பழசுதான்.

விற்பவர்கள் எல்லோரும் முதலில் என்ஜினைத்தான் ஓட்டிக் காட்டுகிறார்கள். உண்மையில் அது அவ்வளவு பெரிய பிரச்னை இல்லை. இந்த டீசல் என்ஜின்களைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்ய எந்த நெடுஞ்சாலை ஊரிலும் ஆள் உண்டு. உதிரி பாகமும் கிடைக்கும். வண்டியின் இன்னொரு பாதியான வீடுதான் வேகமாகக் கெடுகிறது. அதற்குப் பட்டறை கிடையாது. உள்ளூர்த் தச்சர் தன் மனக்கணக்கில் செய்த வேலை அது, வரைபடம்கூட இருக்காது.

முதல் எதிரி தண்ணீர். ஏ.சி.க்கும் காற்றுத் திறப்புக்கும் கூரைத் தகட்டை வெட்டியிருப்பார்கள். அங்கே பூசிய சீலன்ட் சில வெயில் காலங்களில் காய்ந்து வெடிக்கும். கசிவு நேராகச் சொட்டினால் நல்லது, தெரிந்துவிடும். ஆனால் தகட்டுக்கும் உள்ளே ஒட்டிய பிளைவுட்டுக்கும் நடுவில் இறங்கி, எங்கோ படுக்கைக்கு அடியில் தேங்கும். வெளியே பளபளப்பு; உள்ளே மரம் பிஸ்கட்டாக ஊறியிருக்கும். மும்பை புறநகரில் நாங்கள் பார்த்த முதல் வண்டியில், அலமாரியின் அடிப்பலகையில் என் மனைவி கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போய்விட்டது. கடற்காற்று அடிப்பகுதியையும் விட்டுவைக்கவில்லை. ஒரு சிறு காந்தத்தைப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தபோது மூன்று இடங்களில் ஒட்டவில்லை. துருவை மறைத்துப் பட்டி போட்டு, அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். புது பெயின்ட் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படுவதே நல்லது. முடிந்தால் இரண்டு நாள் மழைக்குப் பிறகு போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்தது எடை. இதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. பதிவுச் சான்றிதழில் வண்டியின் வெற்று எடையும், பாரத்தோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் போட்டிருக்கும். பிளைவுட், பேட்டரி, ஏ.சி. என்று ஏற்றிக்கொண்டே போனால் ஆட்கள் ஏறும் முன்பே அனுமதியில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. தொட்டியை நிரப்பச் சொல்லி, வண்டியைப் பக்கத்திலிருக்கும் எடை மேடைக்கு ஓட்டிப் போக வேண்டும். முன் சக்கரங்களை மட்டும் ஒரு தரம், முழு வண்டியை ஒரு தரம் நிறுத்தினால் பின் அச்சில் எவ்வளவு பாரம் என்பதும் தெரிந்துவிடும். எடை மேடைக்காரர் கேட்பது சிறு தொகை. பெங்களூரில் இரண்டாவது வண்டியை விற்க வந்தவர் எடை மேடை என்றதும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

டயரும் ஏமாற்றும். இந்த வண்டிகள் ஆண்டில் பத்து மாதம் நிழலில் நிற்பவை. டயரின் வெட்டுக்கள் ஆழமாகவே இருக்கும். ரப்பர் மட்டும் கிழடு தட்டியிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது.

மின்சாரத்துக்கு ஒரு பள்ளிக்கூடக் கணக்கு போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 1,800 வாட் மணி. ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். 1,000 வாட் ஏ.சி. ஒரு மணி நேரம்கூட ஓடாது. 'இரவு முழுக்க ஏ.சி. ஓடும்' என்று விற்பவர் சொன்னால், செருகியிருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லலாம். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால், அது படுக்கைக்கு அடியில் காற்றோட்டமில்லாமல் அடைந்து கிடக்கக் கூடாது. சமையல் வாயுவின் குணம் வேறு. அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் வைக்கும் இடத்தில் தரை மட்டத்திலேயே வெளிக்காற்றுக்குத் திறப்பு இருக்க வேண்டும். நாங்கள் பார்த்த மூன்று வண்டிகளில் ஒன்றில்தான் இருந்தது. கழிவைப் பற்றியும் கேட்டாக வேண்டும். வெளிநாடுகளில் கேரவன் கழிவைக் கொட்டத் தனி இடங்கள் உண்டு. இங்கே பெரும்பாலும் கிடையாது. எனவே அடியில் பெரிய தொட்டி கட்டிய வண்டியைவிட, பெட்டிபோல வெளியே இழுத்து, ஏதாவது ஒரு கழிப்பறையில் கொட்டிக் கழுவக்கூடிய சுமார் 20 லிட்டர் கேசட் வகையே நமக்குத் தோது.

இனி காகிதம். பாதி ஆசைகள் இங்கேதான் உடைகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, பதிவான விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்றியமைக்க முடியாது. அனுமதி பெற்றுச் சான்றிதழிலும் பதிய வேண்டும். ஆனால் உள்ளே கட்டிலும் அடுப்பும் இருக்க, சான்றிதழில் '12 இருக்கைப் பேருந்து' என்றே இருக்கும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். சேஸிஸில் பொறித்த எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட்டாக வேண்டும். கடன் நிலுவை இருக்கிறதா என்பதும் முக்கியம். வாடகை வண்டியாகப் பதிவானது என்றால் எட்டு வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று. சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டுகள். 2012இல் பதிவானது 2027இல் சோதனைக்குப் போய் நிற்கும். வேறு மாநில வண்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு, கூடவே சாலை வரி. தில்லியிலிருந்து வரும் டீசல் வண்டிகளின் விலை மயக்குகிறது. பத்து வயது கடந்த டீசல் வண்டிகளுக்கு அங்கே 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடை பின்னர் நீதிமன்றத்தில் இறுகியும் தளர்ந்தும் வந்திருக்கிறது. அந்தப் பதற்றமும் விலையில் சேர்ந்திருக்கிறது.

மூன்றாவது வண்டி புனேயிலேயே கிடைத்தது. 2013 மாடல், சொந்த உபயோகப் பதிவு; எடை வரம்புக்குள் இருக்கிறது, கூரை காய்ந்திருக்கிறது. குறை ஒன்றுதான்: சான்றிதழில் மாற்றம் பதியவில்லை. விலை பேசும் முன் அம்மாவை அழைத்துப் போனோம். முதல் படி தரையிலிருந்து ஒன்றேகால் அடி. என் மனைவி கீழிருந்து தாங்க, ஏறிவிட்டாள். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவள், "உக்காந்தா எழுந்துக்க முடியறது. கைப்பிடியை வலது பக்கம் மாத்தச் சொல்லு, எனக்கு இடது கை பிடிக்காது" என்றாள்.

கைப்பிடிக்கு வெல்டர் 1,500 ரூபாய் கேட்கிறார். விற்பவர் ஒன்பதே முக்கால் லட்சத்துக்கு இறங்கியிருக்கிறார். மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி கிடைத்து, சான்றிதழில் பதிந்த பிறகே மீதிப் பணம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, முன்பணமாக 25,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.