நாம் அளித்த ஒற்றை நட்சத்திரம்

உணவைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதைப் போல் எளிய காரியம் உலகில் வேறில்லை. நாவு ஒன்று இருந்தால் போதும். சுவைப்பதும் அதுவே, தீர்ப்புக் கூறுவதும் அதுவே. கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி அமர்ந்து நெய்ச்சோற்றை வயிறார உண்டுவிட்டு, கை கழுவும் இடத்திலேயே 'உப்பு ஒரு கல் குறைவு' என்று சொல்லிச் செல்லும் அன்பர்களை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். கண்டு நகைத்தும் இருக்கிறோம். அந்த வரிசையில் நாமே ஒரு நாள் நிற்க நேரும் என்று எண்ணியதில்லை.

2022ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நாமும் நம் இல்லத்தரசியும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ ஹேவன் என்னும் நகரில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தோம். 1701ஆம் ஆண்டில் தோன்றிய யேல் பல்கலைக் கழகம் அந்நகரின் நடுவே அமைந்திருக்கிறது. நம் மகன் அங்கே ஆராய்ச்சி மாணவன். கருங்கல் கோபுரங்களும், மஞ்சளும் சிவப்புமாய் இலையுதிர்க்கும் மரங்களும், புத்தகப் பையோடு விரையும் பிள்ளைகளுமாய் அந்த ஊர் நம் மனத்தைக் கவர்ந்துவிட்டது.

பல்கலைக் கழகக் கட்டடங்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பீட்சாக் கடை. பெயர் இங்கு வேண்டியதில்லை. எட்டு மேசைகள், காகிதத் தட்டுகள், சுவர் நிறைய மாணவர் விளையாட்டுக் குழுக்களின் நிறம் மங்கிய படங்கள். உள்ளே செங்கல் அடுப்பு. உரிமையாளர் கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய முதியவர். அமெரிக்காவின் அந்த வடகிழக்குப் பகுதியில் பீட்சாக் கடைகளைக் கிரேக்கர்கள் நடத்துவது பல்லாண்டு வழக்கம்.

ஒரு சனிக்கிழமை இரவு. மகன் ஆய்வுக் கூடத்திலிருந்து திரும்பவில்லை. நாம் இருவரும் துணிந்து அக்கடைக்குச் சென்றோம். கல்லாவில் நின்ற பெண்ணிடம், பன்றி இறைச்சி எங்கள் உணவைத் தொடவும் கூடாது என்பதை ஒன்றுக்கு இருமுறை சொல்லிவிட்டு, 'பிளெயின்' என்று பலகையில் எழுதியிருந்த சாதா பீட்சா ஒன்று கேட்டோம். அப்பெண் உள்ளே சென்று முதியவரிடம் ஏதோ சொன்னாள். அவர் நம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் புன்னகை இல்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து நிமிடம் ஆயிற்று, இருபதும் ஆயிற்று. நமக்குப் பின் வந்த மாணவர்கள் உண்டு முடித்து எழுந்து சென்றனர். ஐம்பதாவது நிமிடத்தில் நம் மேசைக்கு வந்து சேர்ந்தது அந்தப் பீட்சா. அதன் விளிம்பு கரியாய்க் கறுத்திருந்தது. மேலே தக்காளிச் சாறு சிவந்து கிடக்க, நாம் எதிர்பார்த்த உருகிய வெண்ணிறப் பாலாடைக்கட்டியைக் காணோம். கேட்டதற்கு, "நீங்கள் பிளெயின்தானே கேட்டீர்கள்?" என்று சொல்லிவிட்டு அப்பெண் அடுத்த மேசைக்கு ஓடினாள். இல்லத்தரசி மௌனமாக உண்டாள். நாம் அரைகுறையாக உண்டு, பணத்தை வைத்துவிட்டு, உரிமையாளரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியேறினோம்.

அன்றிரவே கைப்பேசியை எடுத்தோம். உணவு விடுதிகளைப் பற்றி உண்டவர்கள் கருத்தெழுதி, ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும் வசதி அதில் இருப்பதை மகன் முன்பே காட்டியிருந்தான். தாமதம், கருகல், உபசாரமின்மை ஆகிய மூன்றையும் வரிசையாக எழுதி, பாலாடைக்கட்டி போடாமல் நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று நான்காவதையும் சேர்த்து, ஒற்றை நட்சத்திரம் அளித்துவிட்டு நிம்மதியாக உறங்கினோம்.

மறுநாள் முதல், அதே கடையைப் பற்றிப் பிறர் எழுதியவற்றைப் படிப்பது நமக்கொரு பொழுதுபோக்காயிற்று. தேர்வுக் காலத்தில் நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரியும் ஒரே இடம் என்று ஒரு மாணவர் நன்றி கூறியிருந்தார். தக்காளிச் சாறு இனிக்கிறது என்றார் ஒருவர். புளிக்கிறது என்றார் இன்னொருவர். இருபது ஆண்டுக்குப் பின் வந்தபோதும் அதே மேசை, அதே சுவை என்று உருகியிருந்தார் ஒரு பழைய மாணவர். வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்பதற்காக உணவுக்கு இரண்டு நட்சத்திரம் அளித்திருந்தார் வேறொருவர். பாதிப் பேர் கடையைப் பற்றி எழுதியிருந்தனர். மீதிப் பேர் தம்மைப் பற்றியே எழுதியிருந்தனர். இதைக் கண்டு நாம் புன்னகை செய்தோமேயன்றி, நம்முடையது எந்தப் பாதியில் சேரும் என்று சிந்திக்கவில்லை.

ஒரு வாரம் சென்றது. பேச்சுவாக்கில் அந்தச் சனிக்கிழமைக் கதையை மகனிடம் சொன்னோம். எழுதியதைச் சொல்லவில்லை. அவன் சிரித்துவிட்டான்.

"வாப்பா, இந்த ஊரில் பிளெயின் என்றால் பாலாடைக்கட்டி வராது. வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். வாருங்கள், அது எங்கே தொடங்கியது என்று காட்டுகிறேன்" என்று கூறி, நகரின் கிழக்கே வூஸ்டர் வீதிக்கு அழைத்துச் சென்றான்.

தென் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழை மக்கள் குடியேறிய பகுதி அது. பூட்டு முதலிய இரும்புச் சாமான்கள் செய்த சார்ஜென்ட் தொழிற்சாலையில் அவர்களுள் பலர் உழைத்தனர். அமால்பிக் கடற்கரையின் மாயோரி என்னும் ஊரில் பிறந்த பிராங்க் பெப்பே என்பவர் 1925ஆம் ஆண்டில் அந்த வீதியில் தம் கடையைத் தொடங்கினார். அவருடைய மருமகன் முறையான சால்வடோர் கான்சிக்லியோ 1938இல் அதே வீதியில் 'சாலிஸ்' என்ற கடையை நிறுவினார். இரண்டில் எது சிறந்தது என்ற வழக்கு அந்நகரில் இன்னும் தீர்ந்தபாடில்லை. பீட்சா என்று நாம் சொல்வதை அங்குள்ள பழைய குடும்பத்தினர் தம் முன்னோரின் நாப்போலி வழக்கில் 'அபீட்ஸ்' என்கின்றனர். தக்காளிச் சாறும், மேலே தூவிய முதிர்ந்த பாலாடைக்கட்டித் துருவலும்தான் அவர்களுடைய சாதா பீட்சா. மோஸரெல்லா என்னும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

கருகலுக்கும் காரணம் இருந்தது. அங்கே நிலக்கரி அடுப்பின் சூடு 600 பாரன்ஹீட் பாகையையும் கடந்தது. அத்தனை சூட்டில் மெல்லிய மாவு சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது. விளிம்பில் எழும் கொப்புளங்கள் கறுக்கின்றன. உள்ளிருக்கும் ஈரம் வற்றுவதற்குள் எடுத்துவிடுவதால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் ஒருங்கே அமைகின்றன. கறுப்பு விளிம்பைக் குறையென்று அந்த ஊரார் கருதுவதில்லை. அது இல்லாவிட்டால்தான் குறை என்பர். வாசலில் நீண்ட வரிசையில் மக்கள் பொறுமையாக நின்றுகொண்டிருந்ததையும் கண்டோம்.

திரும்பும் வழியில் இல்லத்தரசி கூறினாள்: "நம்மூரில் தணலில் சுட்ட கருவாட்டில் கறுத்த ஓரமாகத் தேடி எடுப்பவர் நீங்கள்தானே! அதற்கு எத்தனை நட்சத்திரம்?"

நாம் எழுதியது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் பதில் சொல்லவில்லை.

மறுநாள் பிற்பகல், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து மீண்டும் அக்கடைக்குச் சென்றோம். அதே பீட்சாவை, அதே நிபந்தனையோடு கேட்டோம். இம்முறை அடுப்பு தெரியும் மேசையில் அமர்ந்தோம். முதியவர் முதலில் கைகளைக் கழுவினார். அடுப்பின் தரையில் ஒரு மூலையைத் தூரிகையால் துடைத்து ஒதுக்கினார். பீட்சாவை உள்ளே தள்ளும் நீண்ட கைப்பிடிப் பலகைகள் சுவரில் சாய்ந்திருக்க, அவற்றை எடுக்காமல் உள்ளறையிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார். வெட்டும் கத்தியைச் சுடுநீரில் கழுவினார். பிறகுதான் மாவைத் தொட்டார்.

அருகே சென்று, இவை யாருக்காக என்று வினவினோம்.

"உங்களுக்காகத்தான். பெப்பரோனியில் பன்றி இறைச்சி இருக்கிறது. எல்லாப் பலகையும் கத்தியும் அதைத் தொட்டவை. அன்றும் இப்படித்தான் செய்தேன். சனிக்கிழமை இரவில் அடுப்பின் ஒரு மூலை காலியாகக் காத்திருக்க வேண்டியிருந்தது" என்றார் அவர்.

அந்த ஐம்பது நிமிடத்தின் பொருள் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. எந்தத் தாமதத்தை நாம் முதற் குற்றமாக எழுதினோமோ, அது நம் மார்க்கத்துக்காக, அம்மார்க்கத்தைச் சேராத ஒருவர் எடுத்துக்கொண்ட சிரமம். நாணம் மேலிட, அந்த ஒற்றை நட்சத்திரம் நாம் அளித்ததே என்று ஒப்புக்கொண்டோம்.

அவர் கோபிக்கவில்லை. "படித்தேன். பாலாடைக்கட்டி இல்லை என்றதும் வெளியூர்க்காரர் என்று தெரிந்துகொண்டேன். கருகல் என்று வாரம் ஒருவர் எழுதுகிறார். ஏமாற்றினார்கள் என்ற அந்த ஒரு சொல்தான்..." என்று தொடங்கியவர், முடிக்காமல் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை நாம் எழுதியதை மறுபடி படித்தோம். காத்திருந்தது உண்மை, விளிம்பு கறுத்திருந்தது உண்மை, உருகிய பாலாடைக்கட்டி இல்லாததும் உண்மை. நம் கண் கண்டவை இவ்வளவே. 'ஏமாற்றினார்கள்' என்பதைக் கண் காணவில்லை. அது மனம் புனைந்தது. அதை அவரிடம் நேரில் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்திருக்கும்.

ஒரு நட்சத்திரம்தானே என்று அலட்சியம் செய்வதற்கும் இல்லை. ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா என்னும் பொருளியல் அறிஞர், சியாட்டில் நகரின் உணவு விடுதிகளை ஆராய்ந்து 2011இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுவதை அவர் கண்டார். தொடர் கடைகளாக இயங்கும் பெரிய நிறுவனங்களிடம் இந்த விளைவு காணப்படவில்லை. தனியொருவர் நடத்தும் கடைகளிடமே காணப்பட்டது. எட்டு மேசைக் கடைக்காரரின் வாடகையும் வேலையாள் சம்பளமும் அந்தச் சில சதவீதத்தில்தான் அடங்கியிருக்கக் கூடும். பின்னர், 2024இல், போலிக் கருத்துகளை விற்பதையும் வாங்குவதையும் தடுக்க அமெரிக்க அரசின் வணிக ஆணையம் விதி வகுத்தது. பொய்யைத் தடுக்கச் சட்டம் உண்டு. நம்மைப் போல் உண்மையாகவே உண்டு, அவசரமாக எழுதுவோரைத் தடுக்க எந்தச் சட்டம் இருக்கிறது?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்பது நாம் இளமை முதல் கேட்டு வரும் செய்தி. அதே பெருமானார், கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தை மறைத்திருந்த வணிகரைக் கண்டித்ததையும் கேட்டிருக்கிறோம். சுவையைப் பழிக்காதிருப்பது ஒன்று. வஞ்சனையை மறைக்காதிருப்பது மற்றொன்று. பன்றி தொட்ட கத்தியால் வெட்டிவிட்டு, இல்லை என்று அவர் சாதித்திருந்தால், அதை ஊரறிய எழுதுவது நம் கடமையாகவே இருந்திருக்கும். நாமோ சுவையைப் பழித்தோம். வஞ்சனை இல்லாத இடத்தில் வஞ்சனையை எழுதினோம். குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்காமலே ஈரம் என்று கூவிவிட்டோம்.

நிற்க. எழுதியதை நீக்கினோம். அந்த ஊரில் சாதா பீட்சா என்றால் என்ன, விளிம்பு ஏன் கறுக்கிறது, விலக்கப்பட்ட உணவை அஞ்சுவோருக்காக அம்முதியவர் என்ன செய்கிறார், ஏன் தாமதமாகிறது என்பனவற்றை விளக்கி, முன்னது நம் அறியாமையே என்று புதிதாக எழுதினோம். ஆனால் பழைய கருத்தின் கீழே, அது தமக்குப் பயன்பட்டதென்று பதினான்கு பேர் குறித்திருந்தனர். அவர்கள் யார், எங்கே இருக்கின்றனர், எத்தனை பேரிடம் சொன்னார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அவர்களைத் தேடிச் சென்று திருத்திச் சொல்ல வழியும் இல்லை.

ஊர் திரும்பிய பின்னும் கலியாண வீடுகளுக்குச் செல்கிறோம். கை கழுவும் இடத்தில் 'உப்புக் குறைவு' என்ற குரல் இப்போதும் கேட்கிறது. நாம் நகைப்பதில்லை. "பண்டாரியிடம் போய்ச் சொன்னீர்களா?" என்று மட்டும் கேட்கிறோம்.