மலையிறங்கும் ஜீப்பும் பழைய இரும்பும்

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். சந்திரகிரிக் கோட்டையைக் கடந்ததும் ஏழுமலை கண்முன் எழுந்து நிற்கும். 1944-இல் திறக்கப்பெற்ற முதல் மலைப்பாதை, 1974-இல் இரண்டாவது பாதை அமைந்தபின் இறங்குவதற்கென்றே ஆயிற்று. ஏற்றம் எஞ்சினுக்குச் சோதனை. இறக்கமோ பிரேக்குக்குச் சோதனை.

விடுமுறைக்குத் தாயகம் வரும் நம்மவருள் சிலர் பழைய வில்லிஸ் ஜீப்பை விரும்பி வாங்குவதுண்டு. அதன் பிரேக் டிரம்கள் 9 அங்குலமே. நெடிய இறக்கத்தில் ஓயாது மிதித்தால் சூடேறிப் பிடிப்புக் குன்றும். பிரேக் எண்ணெய்க்கும் ஒரே வழி. ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களும் கைவிடும்.

சென்னை வழியே வருவோர்க்குப் புதுப்பேட்டையில் கழித்த வண்டிகளின் உறுப்புகள் கிடைக்கும். பிற்கால ஜீப்பின் 11 அங்குல டிரம்களை அவற்றுக்குரிய தட்டுகளோடும், முன்பின் சக்கரங்களுக்குத் தனித்தனி வழியுள்ள மாஸ்டர் சிலிண்டரையும் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு பொருத்தலாம். டிரம்மில் வெடிப்பும் மிகுதேய்வும் இல்லையென அளந்து பார்த்தல் வேண்டும். ரப்பர் கப், ஹோஸ், லைனிங் ஆகியன புதியனவாகவே இருத்தல் வேண்டும். பழைய இரும்பை அளந்தறியலாம். பழைய ரப்பரின் சோர்வு வெளியே தெரியாது.

இத்தனையும் செய்தபின்பும், இறங்குகையில் கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைத் தாங்குமாறு ஓட்டுக. பின்னே அமர்ந்திருப்போர் நம் பிள்ளைகள் அல்லரோ!