கேட்போர், களம், காரணம்

தமிழ் படித்தவர்களுக்குக் கெர்னலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலில் ஒரு டிரைவருக்கு முன்பின் அறியாத ஒருவர் திருத்தம் எழுதியிருந்தார். இத்தகைய திருத்தத்தைப் பேட்ச் என்கிறார்கள். அதை வரிவரியாகப் படித்துக் குறைநிறை சொல்லும் வேலையை நம் பழைய மாணவி ஒருவர் மேற்கொண்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நாம் உடனிருந்து கேட்டோம். கருனி, இயக்கி, இடையகம் என்று தமிழில் சொற்கள் இல்லாமலில்லை. ஆயினும் அவர் வாயில் வந்தபடியே கெர்னல், டிரைவர், பஃபர் என்று எழுதுகிறோம். தூயதமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

மாணவி இயற்பியல் பட்டதாரி. பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் நம்மிடம் நன்னூல் பாயிரம் கேட்டவர். தந்தை தோல் ஷாப்பில் டிரம் அருகே முப்பதாண்டு நின்றவர். மகள் இப்போது கழிவுநீரின் அமில காரத் தன்மையை அளக்கும் கருவிகளைச் சேர்த்துத் தரும் சிறிய பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார்.

வாலாஜாபேட்டையில் இருப்பவர்களுக்கு இந்த அளவை ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சில வரிகள். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. பக்கத்து இராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல். 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் பதனிடுதல் உள்ளிட்ட பதினேழு வகைத் தொழில்கள் தம் கழிவை இடையறாது அளந்து இணையவழி அனுப்பும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று ஆணையிட்டது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துப் பேர் மாண்டனர். சுவரின் வலுவை எந்த அமிலமானியும் காட்டியிராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் ஒரு நெடிய தீர்ப்பை எழுத வேண்டியிருந்தது.

இனிக் கருவிக்கு வருவோம். நீரில் தோய்ந்த மின்முனை, அமில காரத் தன்மைக்கேற்ப ஒரு சிறு மின்னழுத்தம் தரும். 25 பாகை வெப்பத்தில் ஓர் அலகு மாறினால் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணாக மாற்றும் சில்லு ஏடிசி எனப்படும். பதினாறு பிட் ஏடிசி, அளக்கக்கூடிய முழு அளவையும் 65,536 படிகளாகப் பகுத்து, இன்ன படி என்று சொல்லும். அவ்வெண்ணைச் சில்லிடமிருந்து வாங்கிக் கொடுப்பது டிரைவர். இத்தகைய உணரிகளுக்கென்று கெர்னலில் ஐஐஓ என்றொரு பகுதி உண்டு. ஜோனதன் கேமரன் என்பார் முன்னின்று உருவாக்கியது. 2009இல் கெர்னலுக்குள் வந்தது.

எண்ணை வாங்க இரண்டு வழிகள். ஒன்று, நிரல் ஒவ்வொரு முறையும் போய்க் கேட்பது. மற்றது, குறித்த பொழுதுதோறும் டிரைவரே வாங்கிப் பஃபரில் சேர்த்து வைக்க, நிரல் தனக்கு வசதியானபோது மொத்தமாக அள்ளிக்கொள்வது. மாணவி இதற்குக் காவேரிப்பாக்கம் ஏரியை உவமை சொன்னார். ஆற்றுநீர் வருகிற வேளை வேறு, மதகு திறக்கிற வேளை வேறு, நடுவே ஏரி. குறித்த மட்டம் நீர் ஏறினால் மதகுக்காரருக்குச் செய்தி போகும். ஏரி நிரம்பிவிட்டால் புதுநீர் கலங்கல் வழியே வழிந்தோடும். பஃபர் நிரம்பினாலும் புது அளவைதான் வீணாகிறது. வகுப்பில் உவமைக்குப் பொதுத்தன்மை வேண்டும் என்று நாம் சொன்னதை மறக்கவில்லை போலும்.

அந்தப் பேட்ச் இப்படிப்பட்ட பஃபர் வசதியை ஒரு பழைய டிரைவரில் சேர்ப்பது. படித்ததில் மாணவி மூன்று குறைகள் கண்டார். முதலாவது, ஒழுக்கு. அளவை இரண்டு பைட். அதனோடு வைக்கும் நேரக்குறிப்பு எட்டு பைட். நேரக்குறிப்பு எட்டின் மடங்கான இடத்தில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஆகவே நடுவே ஆறு பைட் வெறுமையாகக் கிடக்கும். வெறுமை என்றா சொன்னோம்? துடைக்காமல் விட்டால் அங்கே கெர்னலின் பழைய நினைவெச்சம் கிடக்கும். அளவையோடு அதுவும் வெளியே போய்விடும். லார்ஸ்-பீட்டர் கிளாசன் சுட்டிக்காட்டியதன் பேரில் 2020இல் கேமரன் பல டிரைவர்களில் இதே வகைப் பிழையைத் திருத்தினார். புதியவர்கள் பழைய டிரைவரைப் பார்த்து எழுதுவதால் பிழையும் கூடவே வருகிறது. ஏட்டுப்பிரதி பார்த்துப் பெயர்த்தெழுதியோர் வழியே பிழை பெருகிய கதை நமக்குப் புதிதா என்ன?

இரண்டாவது, நேரம். எந்தக் கணத்தில் அளவை கோரப்பட்டதோ அக்கணத்தைக் குறிக்க வேண்டும். இந்தப் பேட்சோ சில்லிடமிருந்து எண்ணை வாங்கி முடித்த பிறகே கடிகாரத்தைப் பார்த்தது.

மூன்றாவதே நம்மை உலுக்கியது. அளவை கேட்கும்படி தூண்டுகிற டிரிக்கர், முந்தைய வேலை முடிந்தது என்று டிரைவர் அறிவித்தாலன்றி மறுபடி தூண்டாது. பேட்சில், வாசிப்பு நல்லபடி முடிந்தால் அந்த அறிவிப்பு உண்டு. வாசிப்புத் தவறினால், அறிவிப்பைத் தாண்டி நிரல் வெளியேறிவிடுகிறது. அதாவது ஒரே ஒரு முறை கம்பியில் இரைச்சல் புகுந்து ஒரு வாசிப்புத் தவறினால் போதும். அதன்பின் கருவி வாய் திறவாது. பிழை என்று கூவவும் கூவாது. மாணவி மேசைமேல் இருந்த கருவியில் கம்பியை ஒரு கணம் பிடுங்கிச் செருகிக் காட்டினார். எண்கள் நின்றன. ஐந்து நிமிடம் காத்திருந்தோம். திரை அப்படியே இருந்தது.

“ராத்திரி ரெண்டு மணிக்கு இப்படி நின்னா, காலையில யாரு என்ன சொல்ல முடியும் ஐயா?” என்றார். ஆற்றில் விடும் நீருக்கான பொது வரையறை 5.5 முதல் 9.0 வரை. தோலைக் குரோமில் இடுமுன் அமிலமூட்டும் நீரோ மூன்றுக்கு அருகே இருக்கும். அது இரவில் திறந்துவிடப்பட்டதா இல்லையா என்பதற்குச் சாட்சி அந்த எண்கள் மட்டுமே. சாட்சி நின்றுபோனால், திறந்தவருக்கும் திறக்காதவருக்கும் வேறுபாடில்லை. நேர்மையாக நடத்துகிற சிறு டேனரிக்காரருக்கும் இது கேடுதான்.

இத்தனையும் கண்டுபிடித்தவர், அதை எழுதி அனுப்பத் தயங்கினார். எழுதியவர் அனுபவசாலி, அவர் பெயரில் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் ஏற்கெனவே கெர்னலில் உள்ளன. வாலாஜாவிலிருந்து நான் யார் சொல்ல என்பது அவர் பேச்சின் சாரம். நாம் நச்சினார்க்கினியர் சொல்லும் கதையை நினைவூட்டினோம். தொல்காப்பியத்தைக் கேட்க வேண்டாம் என்று அகத்தியர் தடுக்கிறார். கேட்டே ஆக வேண்டும் என்று தொல்காப்பியர் பலகாலும் வேண்டுகிறார். இருவரும் வெகுளாதபடி, கேட்டுக் குற்றம் கூறிவிடுவோம் என்று அதங்கோட்டாசான் எண்ணுகிறார். அவர் கடாவியவற்றுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை சொல்கிறார். பாண்டியன் அவையில் நூல் அரங்கேறியது அப்படித்தான். வரலாறு என்று இதை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் குற்றம் சொல்ல உட்கார்ந்தவரின் பெயரைப் பனம்பாரனார் பாயிரத்திலேயே வைத்தார் என்பது நம் கண்முன் இருக்கிறது.

மாணவி சிரித்தார். கெர்னலிலும் பாயிரம் உண்டு ஐயா என்று பேட்சின் முகப்பைக் காட்டினார். ஆக்கியோன் பெயர் இருக்கிறது. நுதலிய பொருள் ஒரு வரியில். பயன் அடுத்த பத்தியில். எந்த முந்தைய மாற்றத்தால் பிழை நேர்ந்தது என்று சுட்டும் வரிதான் காரணம். 2004 முதல், இதைத் தர எனக்கு உரிமையுண்டு என்று எழுதியவர் ஒப்பமிடும் வழக்கமும் சேர்ந்தது. கேட்போர் பெயருக்குத் தனி வரியே உண்டு. அவ்வரியில் பெயரிடுபவர், இது பழுதின்றி இயங்கும் என்று உறுதி தருவதில்லை. படித்தேன், கவலைகளைச் சொன்னேன், விடையில் நிறைவடைந்தேன் என்பதே அதன் பொருள். பவணந்தியார் சொன்ன பதினொன்றில் யாப்பை மட்டும் நம்மால் பொருத்த முடியவில்லை. தாவல் இடைவெளி விட்டு எழுதும் முறைக்கு அவர்கள் காட்டும் பிடிவாதத்தைக் கண்டால், அதையும் பொருத்திவிடலாம் என்று தோன்றுகிறது.

மூன்று குறைகளும் எழுதப்பட்டன. தாழ்மை கூறும் முன்னுரைகளை நாம் அடித்துவிட்டோம். அவருடைய ஆங்கிலத்தில் நாம் செய்தது அவ்வளவே. முதலாவதையும் மூன்றாவதையும் எழுதியவர் அன்றே ஏற்றார். நேரத்தைப் பற்றி வாதிட்டார்: நொடிக்கு ஓர் அளவை எடுக்கும் இடத்தில் சில மில்லிநொடிகள் என்ன செய்யும்? நீருக்கு ஒன்றும் செய்யாதுதான். ஆனால் இதே சில்லை நாளை வேறொருவர் இயந்திர அதிர்வை நொடிக்கு ஆயிரம் முறை அளக்க வைப்பார் என்று மாணவி பதில் எழுதினார். இரண்டு நாள் மௌனம். பிறகு மூன்றாம் வடிவம் வந்தது, நேரம் உரிய இடத்தில் குறிக்கப்பட்டு.

கம்பியை மறுபடி பிடுங்கிப் பார்த்தோம். எண்களில் சிறு இடைவெளி, பிறகு தொடர்ந்தன. கேட்போர் வரியில் தம் பெயரை எழுதும்போது, கல்லூரிப் பதிவேட்டிலிருந்து இன்றுவரை ஒற்றை எழுத்தாக முன்நிற்கும் தந்தை பெயரை அவர் விரித்து முழுமையாகத் தட்டச்சிட்டார். எழுத்துக்கூட்டல் சரிதானா என்று தந்தையைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, “ஒண்ணுமில்லப்பா, ஒரு இடத்துல எழுதணும்” என்றார்.